ஜமால் பாய் துலக்கிய சிவப்பு அடுப்பு

ஜமால் பாய் மறைந்த செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில், பாதி முகம் மழித்தும் மீதி முகம் நுரையுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் நஸ்ரின்தான் போனில் பேசினாள். "மாமா, அத்தா போயிட்டாக." அப்படியே எழுந்து ஓடினேன். இந்த இரங்கல் கூட்டத்தில் இருக்கும் உங்களில் பலர் அன்று என் அரைத்தாடியைப் பார்த்தீர்கள். நாகரிகம் கருதி யாரும் கேட்கவில்லை. பாய் கண் திறந்திருந்தால் கேட்டிருப்பார். அரைகுறையாகச் சுத்தம் செய்த எதையும் அவரால் பொறுக்க முடியாது.

நீங்கள் அறிந்தவர் தோல் வியாபாரி. எதிர்வீட்டுக்காரனான நான் அறிந்தவர் சக்கரவர்த்தி. துபாயிலிருக்கும் மகன் அனுப்பிய கரி கிரில் அடுப்புதான் அவருடைய சாம்ராஜ்யம். உருண்டை வயிறு, மூன்று கால், குவிந்த மூடி, உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பில் எனாமல். அதைத் துலக்கி அவர் வெயிலில் வைத்தால், சிறுமலைக்கு மேலே பறக்கும் பருந்துகள் கண் கூசி, வழி தவறிப் பழனிக்குப் போய்விடும்.

ஒருமுறை என் மனைவி நல்ல எண்ணத்தில் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு அதைத் தேய்க்கப் போனாள். பாய் இரு கைகளையும் விரித்து அடுப்பை மறைத்து நின்றார். "ஏம்மா, இது என்ன பித்தளை அண்டாவா? புளி பட்டா பளபளப்பே செத்துரும். சோப்புத்தண்ணி, மெத்துனு ஒரு துணி, ஈரம் காஞ்ச பொறகு காருக்குப் போடுற மெழுகு. அம்புட்டுதான்." அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் புளிக்கு அந்த வாசலில் தடை.

வத்தலக்குண்டிலிருந்து நஸ்ரினைப் பெண் பார்க்க வந்த நாளைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பெரியவர்கள் ஒத்துக்கொள்வதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அத்தாவோ, வெஞ்சனத்தில் உப்புக் குறைந்தாலே எழுந்து போய்விடுவார் என்று பேர் வாங்கியவர். பாய் முழுக்கோழி சுட்டுப் போடுவதாக அறிவித்திருந்தார்.

கோழி பாதி வெந்திருந்தது. அப்போது மூடியின் விளிம்பில் மசாலா எண்ணெய் வழிந்து, புகை அதில் ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை உண்டானது. பாய் அதைப் பார்த்தார். பூமி சுற்றுவதை நிறுத்தியது. மேலும் கீழும் இருந்த காற்றுத்துளைகளை அடைத்து, நெருப்பை அணைத்துவிட்டார்.

"என்ன பாய் பண்றீக? கோழி வேகலையே!"

"சூட்டோட ஈரத்துணி பட்டா எனாமல் வெடிச்சிரும், சேவியரு. செத்த நேரம் ஆறட்டும்."

"அத்தா, அவுக கோழி திங்க வாராகளா, மூடிய நக்க வாராகளா?" ஜன்னலிலிருந்து நஸ்ரின் கத்தினாள். பாவம், கண் கலங்கியிருந்தது.

"வாசல்லயே கறையப் பாத்தா நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாக?"

அடுப்பு ஆறுவதற்குள், மாப்பிள்ளை வீட்டார் செம்பட்டியைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. பாய் மெழுகு போட்டுக்கொண்டிருக்கும்போதே கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அத்தா இறங்கி நேரே அடுப்பிடம் போனார். அதை ஒருமுறை சுற்றி வந்தார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கோழி?"

"வேகலைங்க." பாய் தலை குனிந்தார். நஸ்ரின் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

வந்தவர் மூடியைப் பக்குவமாக மூடினார். "என்ன மெழுகு போடுறீக?"

"காருக்குப் போடுறது."

"எங்க வீட்ல ஒருத்தருக்கும் இதெல்லாம் புரியாது பாய்." அப்போதுதான் அவருடைய காரைக் கவனித்தேன். வாங்கி வருஷக்கணக்காகியும் இருக்கைகளின் பாலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்துக் குனிந்து, அடுப்பின் பின்னங்காலில் பாய் துடைக்காமல் விட்டிருந்த ஓர் இடத்தைத் துடைத்தார். சம்பந்தம் அங்கேயே முடிவானது. கோழி வேகாத குறைக்கு நான் ஓடிப்போய்ப் பரோட்டா வாங்கி வந்தேன்.

போன வாரம் நஸ்ரின், அத்தா மெழுகு தேய்த்த மஞ்சள் துணியை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு நிக்காஹ் ஆனதே இதாலதான் மாமா. நீங்க வச்சுக்கங்க."

என்னிடம் மிஞ்சியிருக்கும் பாய் அந்தத் துணிதான். நேற்று அதைக்கொண்டு என் பழைய ஸ்கூட்டரைத் துடைத்தேன். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த என் மனைவி, சட்டென்று உள்ளே போய், முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

"புது வண்டி நிக்குதே, யாரு வந்திருக்கா?"

"ஜமால் பாய்" என்றேன்.