அய்யனார் குதிரையும் புல்வெளிச் சொற்களும்

நசீமா போன் செய்தபோது நான் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "மங்கைக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க" என்று சாவுச் செய்தி சொன்னாள். நசீமா, ஜமீலாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் இருந்த ஜமீலா, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்லாதவள் என்று பேர் வாங்கியவள், கடைசியில் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளே என்று. அழுகை புவனகிரி தாண்டித்தான் வந்தது. அதற்குள் பஸ் மாறி, கடலூர் போகும் வழியில் இருந்தேன்.

பேராசிரியர் ஜமீலாவும் நானும் மொழியியல் துறையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் நம் வட்டார வழக்குகளோடு நின்றுவிட்டேன். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்த அவள் எடுத்துக்கொண்டதோ, கருங்கடலுக்கு வடக்கே தொடங்கி மங்கோலியா வரை கிடக்கும் புல்வெளி. பழங்காலத்தில் அங்கே குதிரையும் ஆடும் மேய்த்துத் திரிந்தவர்கள், வடக்கே காட்டில் வாழ்ந்தவர்களோடு எப்படிப் பழகினார்கள், யாருடைய சொல் யாரிடம் போனது என்பதே அவள் ஆராய்ச்சி. அதற்காக ரஷ்ய மொழியைத் தானே படித்தாள். ஃபின்னிஷையும் விடவில்லை. "கரும்புக் கொல்லையில பொறந்தவளுக்கு எதுக்குடி புல்வெளி?" என்று கிண்டல் செய்வேன். "கரும்பும் புல்லு ஜாதிதான்டி, போய்ப் படி" என்பாள்.

சொற்கள் படையெடுப்போடுதான் போகும் என்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஒரு கருத்தரங்கில் ஒருவர், வென்றவன் மொழி தோற்றவன் நாக்கில் ஏறியது என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஜமீலா எழுந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும் சார். யாரு வூட்ல யாரு சாப்ட்டாங்க?" அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, மலேசியாவில் வெகுகாலம் கடை வைத்திருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகும் பிள்ளைகளிடம் "மக்கான் ஆச்சா?" என்றுதான் கேட்பார். மலாய் மொழியில் மக்கான் என்றால் சாப்பிடுவது. "மலேசியாவுலேர்ந்து எவனும் எங்க ஊருக்குப் படையெடுத்து வரல சார். எங்க அத்தா அங்க சாப்ட்டாரு, சொல்லு இங்க வந்துடுச்சி" என்றாள். அதன் பிறகு எங்கள் துறையில் சொல்வரலாறு பேச வருகிறவர்கள், அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

தன் ஆராய்ச்சி முழுவதையும் அவள் தமிழில் எழுதினாள். இங்கிலீஷில் எழுதியிருந்தால் எங்கேயோ போயிருப்பாய் என்று சொல்லாத ஆளில்லை. எழுதி முடித்த பிறகு போட ஆளில்லை. எனக்குத் தாய்மாமன் ஒருவர் உண்டு. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் நடத்துகிறார். தமிழ் என்றால் உயிர். விஷயத்தைச் சொன்னதும், "நான் போடறேம்மா புஸ்தகம்" என்று குதித்தார். சிதம்பரத்தில் ஒரு கூட்டத்துக்கும் ஏற்பாடு செய்தார். அன்று மண்டப வாசலில் இறங்கிய எங்களுக்குத் தலை சுற்றியது. ஆளுயர ஃப்ளெக்ஸ். 'உலகப் புல்வெளியை ஆண்ட தமிழ்: ஆதாரங்களுடன் பேராசிரியர் ஜமீலா.' பக்கத்தில் அவள் படம். பின்னால் குதிரை வேண்டுமே என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஓர் அய்யனார் கோயில் குதிரையை மணி, சலங்கையோடு நிறுத்தியிருந்தார். பேசுவதற்கு முன்பே முடிவை அச்சடித்துவிட்டார்கள்.

மாமாவுக்குப் பிடிக்காததைச் சொன்னால் புத்தகம் போச்சு. அவள் வாழ்நாள் உழைப்பு பீரோவிலேயே கிடக்கும். "கொஞ்சம் அனுசரிச்சிப் பேசுடி" என்று கையைப் பிடித்தேன். "குதிரை நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையேறினாள்.

ஃபின்லாந்துக்காரர்கள் நூறை 'சதா' என்கிறார்கள், ஹங்கேரிக்காரர்கள் தேனை 'மேஸ்' என்கிறார்கள் என்று தொடங்கினாள். சதம், மது என்று கூட்டம் முணுமுணுத்தது. மாமா கைதட்டினார். "கைதட்டாதீங்க மாமா. அது ரெண்டும் புல்வெளிக்காரங்ககிட்டேர்ந்து அவுங்களுக்குப் போனது. நமக்கும் அந்த மொழிக் குடும்பத்துலேர்ந்துதான், சமஸ்கிருதம் வழியா வந்துச்சி. நூறுன்னு நம்மகிட்ட சொந்தமா ஒரு சொல்லு இருக்கு. தேன்னு இருக்கு. சொந்தத்த வுட்டுட்டு, வாங்கினத ஏன் நம்முதுன்னு சொல்லணும்? பொய்ய முட்டுக்கொடுத்து நிறுத்தற அளவுக்கு நம்ம பாஷை சாயல." மாமாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பெருமையாக நான் என்றைக்கும் உட்கார்ந்திருந்ததில்லை.

கூட்டம் முடிந்து மாமா வீட்டில் சாப்பாடு என்று முன்பே ஏற்பாடு. இனி அவள் வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஜமீலா நேராக மாமாவின் காரில் போய் ஏறிக்கொண்டாள். ஊர் போய்ச் சேரும்வரை மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவளுக்கென்று தேவனாம்பட்டினத்திலிருந்து வஞ்சிரம் வரவழைத்திருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அத்தையிடம் அவள், "மக்கான் ஆச்சா அத்தை? நீங்களும் உக்காருங்க" என்றாள். அத்தை விழிக்க, மறுபடி அந்த அத்தா கதை. கதை முடிந்ததும் மாமா மெல்லக் கேட்டார்.

"அப்ப நம்மகிட்டேர்ந்து அங்க ஒண்ணுமே போவலியாம்மா?"

"எனக்குத் தெரிஞ்சு அந்தப் பக்கம் இல்ல மாமா. இஞ்சிங்கற சொல்லு போச்சு, கடல் வழியா, வேற பக்கம். போனத போச்சின்னு ஊரறியச் சொல்வேன். போவாதத எப்படிச் சொல்றது?"

மாமா இன்னொரு துண்டு மீனை அவள் இலையில் வைத்தார். "சரி, புஸ்தகத்தப் போட்டுடுவோம். ஆனா அந்தக் குதிரை அட்டையில வந்தாவணும்."

வந்தது. புல்வெளி மக்களைப் பற்றித் தமிழில் எழுதிய அந்த நூலின் அட்டையில் நம் அய்யனார் குதிரை நிற்கிறது. வெளிநாட்டு அறிஞர்கள் கேட்டால், "உள்ள இருக்கறது உங்க ஊரு, அட்டையில எங்க ஊரு" என்பாள். அந்த அட்டைக்காகவே புத்தகத்தைக் கையிலெடுத்து, உள்ளே இருப்பதற்காகத் தமிழ் கற்கத் தொடங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அன்று மேல்பட்டாம்பாக்கத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நான் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அடக்கம் நடந்த மையவாடியிலிருந்து மாமா திரும்பி வந்தார். வயதானதில் நடை தளர்ந்துவிட்டது. என் அழுத முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "மக்கான் ஆச்சாம்மா?" என்றார்.

அந்த விருந்துக்குப் பிறகு மாமா வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். மில்லில் மூட்டை தூக்குகிறவர்களும் கேட்கிறார்கள். எங்கிருந்து வந்த சொல் என்று அவர்களுக்குத் தெரியாது. ஜமீலாவின் புத்தகம், இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்கள் எல்லோரிடமும் இருக்கும். என்னிடம் அந்த ஒரு சொல்லும் இருக்கிறது. பிற்காலத்தில் யாராவது காட்டுமன்னார்கோயிலுக்கு வந்து, இந்த மலாய்ச் சொல் இங்கே எப்படி வந்தது, எந்த ராஜா கொண்டுவந்தான் என்று தேடினால், அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்: ராஜா யாரும் வரவில்லை. எங்கள் வீட்டில் ஜமீலா சாப்பிட்டாள்.