ஒரு தடவைதான் கேட்பாள்

அன்று என் வகுப்பு மொத்தமும் பட்டினியாகப் படுத்தது. நிஜப் பட்டினி இல்லை, கம்ப்யூட்டரில்தான்.

அடையாறில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, வாயைத் திறந்து பேசச் சொன்னால் மின்விசிறியைப் பார்க்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், நானே கணினிப் பயிற்சிகள் செய்ய ஆரம்பித்தேன். எனக்கு புரோகிராம் எழுதவெல்லாம் வராது. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் படம் போட்டு, குரல் சேர்த்து, இந்தப் பதிலை அழுத்தினால் இங்கே போ, அந்தப் பதிலை அழுத்தினால் அங்கே போ என்று கதையைப் பிரித்துக்கொண்டே போகலாம். அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனில் சண்டை போட்டால்கூட, இவர் வேறு பதில் சொல்லியிருந்தால் பேச்சு எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு நான் இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கிறேன்.

அன்றைய பயிற்சி இதுதான். நீங்கள் பிரான்ஸில் ஒரு வீட்டில் தங்கப் போகிறீர்கள். நாள் முழுக்க ரயிலில் வந்த பசி. வீட்டுக்கார அம்மாள் கிண்ணத்தோடு வந்து, ‘கொஞ்சம் சூப் சாப்பிடுகிறாயா?’ என்கிறாள். குரல் என்னுடையதுதான், கொஞ்சம் வயதாக்கிக்கொண்டேன். ‘சாப்பிடுகிறேன்’ என்றால் சூப், ரொட்டி, சீஸ், அந்த வீட்டுக் கதை என்று பேச்சு நீளும். அதற்கு மாடாக உழைத்திருந்தேன். ‘நோன் மெர்சி’, அதாவது ‘வேண்டாம், நன்றி’ என்ற பக்கத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை. பசியோடு வந்தவர் யார் அதை அழுத்தப்போகிறார்? ஒப்புக்கு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள், விளக்கை அணைப்பாள், திரை இருட்டாகும். அவ்வளவுதான்.

லேபில் ஒரு சுற்று வந்தேன். எல்லாத் திரையும் இருட்டு. கரண்ட்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பார்த்தால், அத்தனை பேரும் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு, ஹெட்போனும் காதுமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?”

“அவங்க இன்னொரு வாட்டி கேப்பாங்கல்ல, மேம்?” என்றாள் முன்வரிசையில் ஒரு பெண்.

“பசிக்குதுன்னு மேலயே எழுதியிருக்கேனே!”

“அதுக்காக ஒடனே சரின்னு சொன்னா, அலையறான்னு நெனைக்க மாட்டாங்களா?”

“சூப்பு போச்சு மச்சி” என்றான் பின்னாலிருந்து ஒருவன். எனக்குக் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது.

அதற்கப்புறம் எனக்கு இதே வேலையாகப் போயிற்று. எங்கே போனாலும் ஜனங்கள் ‘வேண்டாம்’ சொல்வதையே கவனித்தேன். தி. நகர் துணிக்கடையில் கூல்டிரிங்க் நீட்டினால், ‘எதுக்குங்க இதெல்லாம்’ என்று வாய் சொல்கிறது, கை வாங்கிக்கொள்கிறது. மயிலாப்பூரில் எதிர்வீட்டு மாமி, “ஒரு வாய் காபி சாப்ட்டுண்டு போங்கோ” என்றால், மறுத்துக்கொண்டே நாற்காலியில் உட்காருகிறேன். பிரான்ஸில் சில வருஷம் இருந்த ஒரு தோழியிடம் கேட்டேன். “அங்க வேணாம்னா நம்பிடுவாங்கப்பா. எனக்கு மொத மாசமே ரெண்டு கிலோ போச்சு” என்றாள்.

என் சூப் அம்மாளை இரண்டாவது தடவை கேட்கவைப்பதா என்று வெகுவாக யோசித்தேன். கேட்கவைத்தால் பிள்ளைகள் இங்கே ஜெயித்துவிட்டு அங்கே போய்த் தோற்பார்கள். மாற்றவில்லை. ஆனால் ஒருவர் சொன்னதை அப்படியே நம்புவது மரியாதையா, நம்பாமல் இருப்பது மரியாதையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த முன்வரிசைப் பெண்தான் ஒரு பருவம் பிரான்ஸில் படிக்கத் தேர்வானாள். அங்கே ஒரு வீட்டில் தங்கவேண்டும். எல்லாம் தயார், அவள் அம்மா மட்டும் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமைக்குள் போடாவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். பெண் என்னிடம் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிறு காலை சாப்பிடாமல்கூட லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருக்கும் கோட்டூர்புரம் குடியிருப்புக்குப் போனேன்.

அம்மா ஜாக்கெட் தைப்பவர். தையல் மிஷினை நகர்த்தி எனக்கு உட்கார இடம் பண்ணினார்.

“படிப்புல ஒண்ணும் கொறையில்ல மேடம். ஆனா இவ வாயத் தொறந்து சோறு கேக்க மாட்டா. எங்கக்கா வூட்டுக்குப் போனாக்கூட பட்டினியாத்தான் வருவா. என்னாண்டயே நாலு வாட்டி கெஞ்சுனாத்தான் துன்னுவா. அங்க யாரு கீறாங்க கெஞ்சறதுக்கு?”

நான் பெருமையாக சூப் அம்மாளைத் திறந்தேன். மகள் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா அழுத்தினார். வேறென்ன, ‘வேண்டாம்’தான். திரை இருட்டானது.

“இன்னா பொம்பள இவ! ஒரு வாட்டி கேட்டுட்டு எத்துகினு போறா?”

“அங்க அப்படித்தாங்க. உங்க பொண்ணு பழகிட்டா, பாருங்க” என்றேன். மகள் முதல் தடவையே ‘சாப்பிடுகிறேன்’ என்பதை அழுத்தினாள். சூப் வந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

“இது மிஷினு மேடம். ஆளு எதுர்ல நிக்கசொல்ல வாயி வருமா?”

எழுந்து உள்ளே போனவர், ஆவி பறக்க இட்லியும் வடகறியுமாக வந்து நின்றார். “சாப்டறீங்களா?”

“ஐயோ, வேணாங்க. இப்பதான் சாப்ட்டேன்.”

தட்டோடு திரும்பி உள்ளே போய்விட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. “லைட்ட நிறுத்திடவா மேடம்?”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மா சமையலறை வாசலுக்கு வந்தார். “டீச்சர், உங்களுக்கே வர்ல. எம்பொண்ணுக்கு எப்டி வரும்?”

பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிரான்ஸ் என் வாயால் போய்க்கொண்டிருந்தது. “பசிக்குதுங்க” என்றேன். “காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை. குடுங்க.” அதைச் சொல்ல அத்தனை கூச்சமாக இருந்தது.

தட்டு வந்தது. இட்லி தீர்ந்தது. வழக்கமாக இந்த இடத்தில், ‘இன்னொண்ணு வெக்கட்டா’ என்று கேட்கவேண்டும். அம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். சரிதான், பரீட்சை இன்னும் முடியவில்லை. “இன்னும் ரெண்டு வேணும். வடகறியும்” என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார். “நீ துன்றியா?”

“குடும்மா” என்றாள் அவள், உடனே.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இட்லியை வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் பேனா வாங்கிக் கையெழுத்தைப் போட்டார். பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இனிமேட்டு நானும் ஒரு வாட்டி கேட்டா போதுமாடி?”

“நீ கேட்டுக்கினே இரும்மா” என்றாள் மகள்.