நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கிய சாமி

மேலச்செங்கரையில் உள்ள சாமிகளில் ரேஷன் கார்டில் பெயர் இருந்த சாமி ஒன்றே ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கியதும் அதுதான். கணக்கில் தொண்ணூற்றெட்டு. மற்ற சாமிகள் எவ்வளவு வாங்கின என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

அந்தச் சாமியைப் பெற்றவள் பேச்சியம்மாள். ஐம்பத்தெட்டு வயது. சுளகை மடியில் வைத்தால் பொழுது சாய்வதற்குள் எண்ணூறு பீடி சுற்றிவிட்டுத்தான் நிமிர்வாள். விஜயஸ்ரீ அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் அவள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் ஊரே சூடமும் தேங்காயுமாகப் போகும்போது அவள் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கோவிலில் கால் வைத்ததில்லை.

"எம்மவளுக்கு எதுக்கு சூடம்? அவளுக்குச் சூடம் வாசமே ஆவாது. தும்முவா," என்பாள், யாராவது கூப்பிட்டால்.

நடந்தது இதுதான். விஜயஸ்ரீ பிளஸ் டூ படித்தாள். பஸ்ஸில் எஸ்றா என்று ஒரு பையன் வருவான். அவனிடம் கெமிஸ்ட்ரி நோட்டு வாங்கினாள். அவ்வளவுதான். நோட்டு வாங்கியதை ஊர்க்காரர் ஒருவர் பார்த்தார். அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அது கையைப் பிடித்ததாக ஆகியிருந்தது. ஊர்க்கூட்டம் கூடுவதற்குள் பதிவுத் திருமணம் வரை வந்துவிட்டது. ஊர்த்தலைவர் பூதலிங்கம் தீர்ப்புச் சொன்னார்: அந்தப் பெண் ஊர்க் கோவில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். அதுவரை பேச்சியம்மாள் வீட்டுக் குடம் ஊர்க் குழாயடியில் நிற்கக் கூடாது. தாயும் மகளும் மட்டும் உள்ள வீடு. எதிர்த்துப் பேச ஆளில்லை.

"நோட்டு வாங்குனதுக்கு எதுக்கும்மா விழணும்? அட்டையெல்லாம் போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேனே," என்றாள் விஜயஸ்ரீ. விழவில்லை.

அது ஐப்பசி. மலையில் மழை கொட்டி, ஆறு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் மேலே நாலு படிதான் தெரிந்தது. பேச்சியம்மாள் காய்ச்சலில் கிடந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். குடம் மறுநாள் தடுப்பணையில் கிடைத்தது. அவள் மூன்றாம் நாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பேச்சியம்மாளுக்குக் குழாயைத் திறந்துவிடவில்லை. செத்தவள் திரும்பி வந்து விழுந்து கும்பிடுவாள் என்று ஊர் காத்திருந்ததோ என்னவோ.

தை மாதம் பூதலிங்கத்தின் மாடுகள் இரண்டு அடுத்தடுத்துச் செத்தன. பேரனுக்குக் காய்ச்சல் விடவேயில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, பேச்சியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி இசக்கித்தாய் குழாயடியில் தலையை விரித்துப் போட்டு ஆடினாள். "தாகமா இருக்குலே, தாகமா இருக்கு! ஒரு கொடம் தண்ணி இல்லன்னு சொன்னியளேலே!" பூதலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாளே பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"ஏளா பேச்சி, நீ இனும சாமியப் பெத்தவ. வேணுங்கமட்டும் தண்ணி புடிச்சுக்கோ."

பிடித்தாள். குடிக்க வேண்டுமே. ஆனால் அன்றிலிருந்து இசக்கித்தாயோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "எம்மவ போயி மூணு மாசங்கூட ஆவல, அவ கொரலத் திருடிட்டா," என்று சுவருக்குக் கேட்கும்படி சொல்வாள்.

கல் நட்டார்கள். கல்லுக்கு முகம் வந்தது, முகத்துக்கு வெள்ளிக் கண் வந்தது. ஒரு குடம் தண்ணீர் கிடைக்காமல் போனவளுக்கு வருடா வருடம் நூற்றெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினார்கள். கதையும் வளர்ந்தது. ஆற்றாத்தாள் கூப்பிட்டாளாம். இவள் மஞ்சள் சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, சிரித்துக்கொண்டே இறங்கினாளாம்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்து வெளிநாட்டுக்காரர்கள் கும்பிட்ட சாமிகளைப் புராணக் கதை என்று ஒரு பாடத்தில் சொல்வார்கள். இப்போது உள்ளவர்கள் கும்பிடுகிற சாமிகளைச் சமயம் என்று இன்னொரு பாடத்தில் சொல்வார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவன் வெளியே முட்டி போட வேண்டியதுதான். முட்டி போட்டுக்கொண்டு யோசித்தால், கும்பிட ஆள் தீர்ந்துபோன சாமி கதையாகிறது, ஆள் சேர்ந்துவிட்ட கதை சாமியாகிறது என்று தோன்றும். ஆனால் நிஜமாகவே என்ன நடந்தது என்று இரண்டு பாடத்திலும் யாரும் கேட்பதில்லை. பேச்சியம்மாளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இந்த வருடம் கோவிலுக்குக் கான்கிரீட் கூரை போட்டார்கள். கூரை போட்ட சாமிக்குச் சொந்தமாக ஒரு பாட்டு இல்லாவிட்டால் எப்படி? கொடை விழாவில் விஜயஸ்ரீ அம்மன் கதையை முதல் தடவையாக வில்லுப்பாட்டில் பாட வேண்டும் என்று தச்சநல்லூர் கோமதிசங்கரைப் பேசி முடித்தார் பூதலிங்கம். கோமதிசங்கர் இருபது வருடமாக வில் அடிப்பவர். ஒரு நோட்டோடு பேச்சியம்மாளைத் தேடி வந்தார்.

"யக்கா, புள்ள கதையக் கேட்டு எழுதிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஊர்ல எல்லாரும் சொல்லியிருப்பாவளே."

"சொன்னாவ. மஞ்சச் சேலையோட ஆத்துல எறங்குனான்னு சொன்னாவ."

"சேலையா? நீலப் பாவாடை அண்ணாச்சி. இடுப்புல கொக்கி அந்துபோயி, பின்னு குத்தியிருந்தா."

கோமதிசங்கர் 'பின்' என்று எழுதிக்கொண்டார். அவள் உள்ளே போய் மார்க் ஷீட்டையும், மகள் பெயரைச் சிவப்பு மையில் அடித்திருந்த பழைய ரேஷன் கார்டையும் கொண்டுவந்து காட்டினாள். "கணக்குல தொண்ணூத்தெட்டா!" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அப்படியொன்றும் வெயில் இல்லை.

"அண்ணாச்சி, சேலை உடுத்துங்க, பூ வைங்க, என்ன வேணும்னாலும் மாத்திக்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தப்படாது. குழாய்ல தண்ணி ஏன் இல்லன்னு பாடணும். யாரு சொல்லி இல்லன்னும் பாடணும்."

"கொடை நடத்துததே அவருதான யக்கா."

"சூரன் பேரச் சொல்லாம சூரசம்காரம் நடக்குமா?"

"அது பழைய கதை யக்கா. சூரனோட பேரம்மாரு யாரும் மைக் செட்டுக்கு ஏற்பாடு பண்ணல."

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. கோமதிசங்கர் நோட்டை மூடினார்.

"சரி யக்கா. பாடுதேன். சத்தியம்."

"அப்பம் நானும் வாரேன். முன்னால உக்காந்து கேப்பேன்."

மதியக் கொடை. கோவில் முன்னால் பந்தல். பேச்சியம்மாள் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக வந்து உட்கார்ந்தாள். கல்முகத்தைப் பார்த்தாள். மகளுக்கு மூக்கு இவ்வளவு கூர் கிடையாது. அந்தப் பக்கம் இசக்கித்தாய் சிவப்புச் சேலையில் தயாராக நின்றாள். சாமியின் வாக்கைச் சொல்கிறவள் இத்தனை வருடமும் அவள்தான். முன்வரிசையில் பூதலிங்கம், துண்டை இடுப்பில் கட்டி, சட்டையில்லாத மார்பில் சந்தனத்தோடு, கோமதிசங்கரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் வந்தது, மார்க்கு வந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. கோமதிசங்கர் ஒரு தடவை பூதலிங்கத்தைப் பார்த்தார், ஒரு தடவை நோட்டைப் பார்த்தார். உடுக்கை வேகமெடுத்தது. சாமியை இறங்கவைக்கிற இடம் அது.

"ஊரெல்லாம் பஞ்சமாச்சே, ஊர்க்குழாயும் வத்திப்போச்சே,
தாகத்துக்குத் தாயவளும் தாமிரவருணி போனாளே..."

பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள்.

"நிறுத்தும் அண்ணாச்சி! ஐப்பசியில எங்கன பஞ்சம்? ஆத்து வெள்ளம் படித்துறைய முழுங்கிட்டுப் போச்சு. குழாய் வத்தல. எங்களுக்கு இல்லன்னாவ!"

எழுந்த வேகத்தில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. உடம்பு கோபத்தில் கிடுகிடுவென்று ஆடியது. உடுக்கையும் சரியாக அந்த நேரம் பார்த்து உச்சத்தில் நின்றது. ஊர் எதைப் பார்க்க வந்திருந்ததோ அதைப் பார்த்துவிட்டது.

"ஆத்தா, பெத்தவ மேலயே எறங்கிட்டாளே!" பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஒருத்தி கையில் வேப்பிலையைத் திணித்தாள். இன்னொருத்தி தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். இசக்கித்தாய், மாறுதல் உத்தரவு வந்த ஊழியர் மாதிரி, பைய ஓரமாக ஒதுங்கினாள்.

"நான் பேச்சிலே! எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல!"

"மொதல்ல அப்பிடித்தான் சொல்லும்," என்றார் அனுபவசாலி ஒருவர்.

பூதலிங்கம் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, குத்தங்குறை இருந்தாப் பொறுத்துக்கோ."

பேச்சியம்மாள் கீழே கிடந்த வழுக்கைத் தலையைப் பார்த்தாள். பேச்சியம்மாளாக நின்று இவரிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! 'போளா, வேலையப் பாரு' என்பதுதான் எப்போதும் பதில். இப்போது அவள் தும்மினால்கூட அதற்கு அர்த்தம் கேட்கத் தயாராக ஊரே கைகட்டி நிற்கிறது. கொண்டையில் மிச்சமிருந்த முடியையும் தானே உதறிவிட்டாள். தொண்டையை இறுக்கிக் குரலைச் சன்னமாக்கினாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் செய்த முதல் களவாணித்தனம் அது.

"எந்திரிலே பூதலிங்கம்."

எழுந்தார்.

"குழாயில தண்ணி புடிக்கப்படாதுன்னு யாருலே சொன்னது?"

"நாந்தான் தாயே."

"எதுக்குலே?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "நோட்டு வாங்குனதுக்கு, தாயே."

"மைக்குல சொல்லுலே."

சொன்னார். ஒலிபெருக்கி அதை ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் கொண்டுபோனது. கோமதிசங்கர் அவள் சொல்வதற்கு முன்பே நோட்டைப் புரட்டிவிட்டார். கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு வரியும் எழுதி வைத்திருந்தார். துணிச்சல்தான் வராமல் கிடந்தது.

"குத்தமொண்ணும் செய்யாத கொழந்தைக்குத் தண்ணியில்ல,
பூதலிங்கம் சொன்ன சொல்லு பூவ ஆத்தில் தள்ளியதே..."

பாடி முடிந்ததும் பூதலிங்கம் உள்ளங்கையை நீட்டினார். சாமி திருநீறு கொடுத்தால் மன்னித்துவிட்டது என்று அர்த்தம். பேச்சியம்மாள் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை இறுக மூடினாள்.

"போலே."

ஜெயித்துவிட்டோம் என்று அந்த ஒரு மத்தியானம் நினைத்திருப்பாள்.

மறுநாள் டீக்கடையில் பூதலிங்கம் போனில் அந்தப் பாட்டை ஓடவிட்டு எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "எம் பேரு பாட்டுல ஏறிட்டுவே! இன்னும் நூறு வருசம் கழிச்சும் பாடுவானுவ. சூரன் இல்லாம முருகன் உண்டுமா?" வெளிநாட்டில் இருக்கும் பேரன் 'எங்க தாத்தா' என்று போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். திருநீறு கிடைக்காததையும் யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லையாம், அடுத்த கொடைக்குக் கொடுப்பாளாம். பிள்ளைகள் குழாயடியில் பூதலிங்கமும் அம்மனுமாக விளையாடின. பூதலிங்கம் வேஷத்துக்குத்தான் அடிதடி.

"நடந்ததைத்தான சொன்னேன்," என்றாள் பேச்சியம்மாள், தேங்காயோடு வாசலில் வந்து நின்றவர்களிடம்.

"ஆமா தாயே," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடனாகப் புளி கேட்டு அடுக்களை வரை வருகிறவள்கூடப் படியோடு நின்றுகொண்டாள்.

உள்ளே வந்தது இசக்கித்தாய் ஒருத்திதான். மூன்றாம் நாள் மத்தியானம், தன் சுளகோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பத்துப் பதினைந்து பீடி சுற்றினார்கள்.

"நல்லா ஆடுன மதினி."

"ஆடலளா. நடிச்சேன்."

"தெரியும். சாமி வந்தவ எதிர்ல நிக்கவன் மொகத்தப் பாக்க மாட்டா. நீ பூதலிங்கத்தையே மொறச்சுக்கிட்டு நின்ன."

"பெரிய இவ! ஒனக்கு வந்ததக் கண்டுட்ட!"

"எனக்கு எங்க மதினி வந்துச்சு?" இசக்கித்தாய் இலையை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஒம்மவ போன அதே படியில ரெண்டு மாசம் நீயும் கொடத்தத் தூக்கிட்டு எறங்குன. பாக்கப் பாக்க எனக்கு ஈரக்கொல பதறும். நாஞ்சொன்னா எவன் கேக்கான்? அதான் குழாயடியில தலைய விரிச்சேன். ஒனக்குத் தண்ணி விட்டாப் போதும்னுதான் நெனச்சேன். கல்லு நடுவானுவன்னு கண்டனா? அதுக்கப்பொறம் நிறுத்துனா நம்மள அடிச்சே கொன்னுருவானுவ."

பேச்சியம்மாளின் கை நின்றுவிட்டது. பதினைந்து வருடமாகத் திட்டி வைத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

"அப்பம், ஒரு நாளுங்கூட அவ வரலையா?"

ஊரையே கண் கொட்டாமல் ஏமாற்றியவளுக்கு இதற்குப் பொய் வரவில்லை. "இல்ல மதினி."

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். தெரிந்த விஷயம்தான். முதல் நாளிலிருந்தே அவள் சொல்லிவருவதும் அதைத்தான். ஆனாலும் கோவில் பக்கம் உடுக்கைச் சத்தம் எழும்பும் ஒவ்வொரு தடவையும், அத்தனை 'லே'க்களுக்கு நடுவில் வேறொரு சொல் வருமா என்று அவள் காது தேடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

"பொய்க்காவது ஒரு தடவ என்னய யம்மான்னு கூப்புட்டிருக்கலாம்லாளா," என்றாள்.