தண்ணீர் ஊற்றி அனுப்பிய அம்மை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை. வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அப்பா நெற்றியைக் காட்டினார். இடப்பக்கம் மட்டும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"நெருப்பு வெச்ச மாதிரி எரியுது லா."

மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் சார்லி பூச்சியை நசுக்கினால் தோல் இப்படித்தான் வெந்துபோகும்.

"பூச்சிப்பா. தூக்கத்துல தேச்சிருப்பீங்க" என்று களிம்பு தடவிவிட்டேன். அறுபத்திரண்டு வயதிலும் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, ஒருநாள்கூட எம்சி என்கிற மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை இருவரும் ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். கடைக்கார பாய் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அண்ணே, இது காயாப் லா! அக்கி! கண்ணுக்குப் போயிரும், கிளம்புங்க!"

"எம்மக படிச்சவ பாய். பூச்சின்னு சொல்லிட்டா."

அப்போதுதான் அப்பாவின் மூக்கு நுனியில் புதிதாக ஒரு கொப்புளத்தைக் கண்டேன். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு. பாதி ரொட்டியை அப்படியே விட்டு எழுந்தேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார்: "சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா அங்கிள்?"

"பத்து வயசுல, ரப்பர் தோட்டத்துல இருக்கறப்ப. வேப்பிலை போட்டு, மூணு தண்ணி ஊத்தி, ஆத்தாவ அனுப்பி வெச்சாச்சே டாக்டர்."

"போகல அங்கிள். அந்தக் கிருமி நரம்புக்குள்ள படுத்துக்கிச்சு. அம்பது வருஷமா உங்க உடம்பு காவல் காத்துச்சு. வயசானா அந்தக் காவல் தளந்துடும், கிருமி அக்கியா வெளிய வரும். சும்மா இருக்கறப்பகூட அந்தக் காவல் உள்ளுக்குள்ள லேசா கனன்றுகிட்டே இருக்கும், ஆனா தேவைப்படறப்ப வேகமா எழும்பாது. நோயே இல்லாதவங்களுக்கும் இப்படித்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மருந்த மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும். இன்னிக்கு மூணாவது நாள்."

இதே செய்தியைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதில் 'முதியோர்' என்று எழுதினேனே, அது அப்பாவாக இருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

மருந்துக்குக் காத்திருக்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஒனக்கும் ஒம்போது வயசுல போட்டுச்சே. அப்ப ஒனக்குள்ளயும் இருக்கா?"

"இருக்குப்பா."

இரண்டு வாரம் கழித்துக் கண் பரிசோதனை. எழுத்துப் படிக்காதவர்களுக்கென்று இருக்கும் அட்டையில் குறிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். வலக்கண்ணை மூடிக்கொண்டு, பேருந்துக்கு வழிகாட்டுவதுபோல் அப்பா கையை அசைத்தார். மேலே, கீழே, வலம். கடைசி வரிசையில் கை நின்றது. பிறகு இடப்பக்கம் காட்டினார். சரி.

"பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் அங்கிள்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

இத்தனைக்குப் பிறகும் என்னைக் கேட்கிறாரே என்று திடுக்கிட்டுப்போனேன்.

"டாக்டர் சொல்றதையே கேப்போம்ப்பா."