ஹைதராபாத் போகாத இரண்டு மாதம்

காலனியைப் பொறுத்தவரை அந்த இரண்டு மாதமும் நான் ஹைதராபாத்தில் கம்பெனி டிரெய்னிங்கில் இருந்தேன். உண்மையில் ஐரோலியில், கூட வேலை பார்க்கும் தோழியின் வாடகை அறையில், என் இடது சிறுநீரகத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். திலக் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

பொய் அம்மாவுடையது. அது எங்கேயும் உடையாமல் பார்த்துக்கொண்டவள் நான். மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, சனி ஞாயிறு ஏன் வருவதில்லை, வீடியோ காலில் ஏன் முகம் காட்டுவதில்லை என்று யார் எதைக் கேட்டாலும் சொல்லவேண்டிய பதில்களை வரிசையாக எழுதி அம்மாவிடம் கொடுத்தேன்.

அண்ணனுக்கு ஒன்றரை வருடமாக டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிஞ்சியது நான். கொடு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கும் நிலைக்கு அவர்கள் வரும் முன்பே நான் பரிசோதனைகளின் பட்டியலை வாங்கிவந்துவிட்டேன். ரத்தப் பொருத்தம், ஸ்கேன், மனநல மருத்துவர், ஒரு முழு நாளின் சிறுநீரை ஐந்து லிட்டர் கேனில் சேர்ப்பது. ஒவ்வொன்றாக டிக் அடித்தபோது மனதில் பயமே இல்லை.

அறுவைக்கு முன் அனுமதிக்காக ஒரு நேர்காணல் உண்டு. கேமரா ஓடும், உறவினர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. யாராவது கட்டாயப்படுத்தினார்களா, ஆபத்துகள் தெரியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். கடைசியில் ஓர் அம்மாள் ஃபைலை மூடிவிட்டு இந்தியில் கேட்டார்: ஆபரேஷனுக்குப் பிறகு உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள்?

"அம்மா" என்றேன். அம்மா அண்ணனோடுதான் இருப்பாள் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அம்மாவுக்கு வந்தது சர்ஜன் முன்னால் உட்கார்ந்திருந்தபோது. அவர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து, மூன்று சிறு துளைகள் போட்டு, சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள பெறுதவளுக்குக் கீறுத மாதிரில்லா இருக்கு? வேற எங்கயாச்சும் கீறப்படாதா டாக்டர்?"

மராட்டியரான அவர் என்னைப் பார்த்தார். "காயம் எப்போது ஆறும் என்று கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

ஆட்டோவில் வரும்போது அம்மா முடிவு செய்துவிட்டாள். "ஏட்டி, ஒன்ன ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்லா. கட்டிக்கப் போறவன் அந்தத் தழும்பப் பாத்து என்ன நெனைப்பான்? அண்ணனுக்கு யாரோ செத்தவரு கிட்னி ஆஸ்பத்திரி லிஸ்ட்ல கெடச்சுதுன்னு சொல்லிருவோம்."

அறுவை முடிந்த ஐந்தாம் நாள் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். தோழி காலை எட்டுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவாள். அறுவைக்காக வயிற்றுக்குள் ஏற்றிய வாயு தோள்பட்டையில் போய் வலித்தது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு இருமவேண்டும். எக்செல்லில் ஒரு ஷீட் திறந்தேன்: குடித்த தண்ணீர், நடந்த நிமிடங்கள், உடல் சூடு. ஒரு நாள் 'பகலில் நேரில் பேசியவர்கள்' என்று ஒரு வரிசையும் சேர்த்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர் மட்டுமே நான்கு நாள் அதில் இடம்பெற்றதும் அந்த வரிசையை அழித்துவிட்டேன்.

அம்மா தினமும் போன் செய்வாள். "இன்னைக்குக் கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி மூணாம்ட்டி!" புதுச் சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் எண் அது; இறங்க இறங்க, பரீட்சை மார்க் வந்ததுபோல் இருக்கும் குரல். எனக்கும் சந்தோஷம்தான். பொய்யாகச் சந்தோஷப்படவில்லை. என்னுடைய எண் என்ன என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன பிள்ள, இப்படி வெளுத்துப் போயிட்ட? அந்த ஊரு சோறு ஒத்துக்கிடலியோ?"

"காரம் ஜாஸ்திக்கா."

அண்ணன் தேறி வேலைக்குப் போனான். என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். மீன் குழம்பு வைத்த நாளில் நடுத்துண்டை என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். நான் உப்பைக் குறைத்தேன், தினமும் நடந்தேன், வீட்டில் யாரும் இல்லாதபோது பிரஷர் பார்த்துக் குறித்துவைத்தேன். என் உடம்பு நன்றாகவே இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

இந்த மழைக்காலத்தில் திலக் நகர் ஸ்டேஷன் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. அதே ரயிலில் வந்த பக்கத்து வீட்டு அக்காதான் என்னை ஆட்டோவில் ஏற்றிக் காலனி கிளினிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டருக்கும் காத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். பெஞ்சில் பாதிக் காலனி உட்கார்ந்திருந்தது. அக்காவும் என்னோடு உள்ளே வந்தாள்.

"பிரஷர்? சுகர்? ஏதாவது ஆபரேஷன்?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"இல்லை" என்றேன். அத்தனை தடவை சொல்லிப் பழகிய வாய்.

கம்பவுண்டர் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தார். என்ன ஊசி என்று கேட்டேன். டிக்ளோஃபெனாக் என்றார். மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகத்துக்குக் கேடு, இந்த வகை வலி மருந்தைத் தொடவே கூடாது என்று என் மருத்துவர் இரண்டு முறை அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்தார்.

ஊசி பயம் என்று சொல்லலாம். அதையே மாத்திரையாகத் தருவார். ஏற்கெனவே மாத்திரை போட்டுவிட்டேன் எனலாம், எது என்பார். அக்காவை வெளியே அனுப்பலாம். திரைக்கு அந்தப் பக்கம் அவள் காது இருக்கும். கம்பவுண்டர் பஞ்சை நனைத்துவிட்டார்.

"ஊசி வேண்டாம் டாக்டர். எனக்கு ஒரே கிட்னிதான்."

பெஞ்சிலிருந்து யாரோ திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள்.

"பாகல் ஹோ க்யா?" பைத்தியமா உனக்கு என்று டாக்டர் கத்தினார். இப்போதுதானே கேட்டேன், ஏன் மறைத்தாய் என்று விடாமல் திட்டினார்.

அக்கா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "இன்னொண்ணு எங்கட்டி?"

"அண்ணன்ட்ட இருக்கு."

நான் நொண்டிக்கொண்டு வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்திருந்தது. அம்மா அடுப்படியில் நின்றபடியே பேசினாள்.

"ஒரு ஊசியில என்ன ஆயிரப் போவுது? கண்ண மூடிட்டுப் போட்டுட்டு வந்திருக்கலாம்லா. ஞாயித்துக்கெழம தாராவியிலேர்ந்து பொண்ணு பாக்க வாராவ."

அறைக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஊசி போட்டிருந்தா ஆயிருக்கும்மா." அவ்வளவுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. மூன்று நாள் பேசாமலிருந்த அம்மா நான்காம் நாள் கல்யாண பயோடேட்டாவைக் கட்டிலில் போட்டாள். "நீயே எழுதிக்கோ."

உயரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவள், நலமாக இருக்கிறேன். மூன்று வீடுகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு வீடுகள் மௌனம். மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது, பிள்ளை பெறலாமா என்று. மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பதில் போட்டேன்: பெறலாம், கூடுதல் கவனம் வேண்டும். டிக் இரண்டும் நீலமாயின. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"ஏதாச்சும் வந்துச்சா?" என்று அம்மா தினம் காலையில் கேட்கிறாள். இல்லை என்கிறேன். எனக்கும் ஒரு டம்ளர் டீயை ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்காருகிறாள்.