உள்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம்

அச்சகத்தில் அவருக்குக் கட்டிங் மாஸ்டர் என்று பெயர். காகிதக் கட்டை மிஷினில் வைத்துக் கத்தியை இறக்கினாரென்றால் மயிரிழை பிசகாது. வேலை முடிந்து வந்ததும் அவருடைய சட்டையை உதறினால் காகிதத் தூசி கிளம்பும். மனைவிக்குத் தும்மல் வரும். அவள் தையல்காரி. அதே தெருவில்தான் கடை.

அவருடைய சட்டைகளில் எல்லாம், நெஞ்சோரமாக உள்பக்கம், ஒரு சிறு பை வைத்துத் தைத்திருந்தாள். பைக்குள் ஒரு பொட்டலம் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் மனிதர். சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். அப்போது முதலில் கழன்றுகொள்வது புத்தி. எனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பார். உதவி கேட்க வேண்டிய நேரம் பார்த்து, கேட்கிற அறிவையே பிடுங்கிக்கொள்ளும் இது என்ன நோயோ என்று அவள் பலமுறை நொந்துகொண்டிருக்கிறாள்.

அன்று மத்தியானம் ஃபோர்மேன் போன் செய்தார். "அண்ணி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. அண்ணன் தள்ளாடறாரு. குடிச்சிருக்காரான்னு முதலாளி கேக்கறாரு."

"குடியா? அவரு பச்சத் தண்ணி குடிக்கவே நான் கத்தணும்!" என்றபடியே ஓடினாள்.

மாஸ்டர் தரையில், காகிதக் கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவசர வேலை என்று சாப்பிடவே இல்லையாம். பக்கத்தில் ஒரு கிளாஸ் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இதுல சர்க்கரை போட்டீங்களா?"

"சர்க்கரை வியாதிக்காரருக்குப் போடுவாங்களா அண்ணி? அந்த விவரம்கூடவா தெரியாது எங்களுக்கு?"

தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. உள்பைக்குள் கையை விட்டாள். தூசிதான் வந்தது.

"சர்க்கரை கொண்டாங்க! சீக்கிரம்!"

"யாருடி நீ? கைய எடு. கட்டிங் பாக்கி கெடக்கு" என்று மாஸ்டர் எழப் பார்த்தார். ஃபோர்மேன் தோளைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிய டீயின் முதல் வாயை மாஸ்டர் அவள் முகத்திலேயே துப்பினார். இரண்டாவது வாய் உள்ளே போனது. அப்புறம் மெல்ல மெல்லக் கண்ணில் பழைய ஆள் திரும்பி வந்தார்.

"நீ எப்ப வந்த?" என்றார், கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல. துப்பியதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பொட்டலம் எங்க?"

"லாக்கர்ல. தாள் கிட்ட இனிப்பு வரக் கூடாதும்மா. எறும்பு ஏறிடும். கறை பட்டா கட்டே போச்சு."

"ஆமா அண்ணி, இங்க அது சட்டம்" என்றார் ஃபோர்மேன்.

"எறும்பு வந்தா தட்டி விடலாம். அந்தக் கத்தியில கை போனா? நான் தச்சுக் குடுக்கவா?"

சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். பைக்குள் சர்க்கரை இல்லாமல் மிஷினைத் தொடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அவள் புதுப் பொட்டலத்தைப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, விளிம்பை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டினாள். எறும்புக்கு வழியில்லை, பல்லால் கடித்தால் கிழியும்.

மறுநாள் சாயங்காலம் வந்தவர் சாப்பிட்டு முடித்துச் சட்டையைக் கழற்றினார்.

"பொட்டலம் பையிலதான இருந்துச்சு?"

"பின்ன? நாள் பூரா நெஞ்சுலதான் இருந்துச்சு."

சட்டையை உதறினாள், தும்மல் வந்தது. உள்பையைப் புரட்டினாள். தையல் மடிப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று தூசி அப்பியிருந்தது. உறை மட்டும் நேற்று ஒட்டியபோது இருந்த அதே பளபளப்போடு இருந்தது. அதன்மேல் விரலைத் தேய்த்து, தூசி ஒட்டாத அந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ன?" என்றார் அவர்.

வயிறு நிறைந்திருந்தது, புத்தியும் தெளிவாகத்தான் இருந்தது. இந்தப் பொய்க்கு நோயின் மேல் பழி போடக்கூட அவளுக்கு இப்போது வழியில்லை.