வெற்று எடை

எடைமேடையில் வேலை பார்த்தவன் நிறுக்காததை எழுதக் கூடாது. ஆகவே நான் கண்டதையும் என் கை எழுதியதையும் மட்டுமே இங்கே தருகிறேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் எடைச்சீட்டு இருக்கிறது. அதில் என் கையெழுத்தில் மூன்று சொற்கள்: ‘வெற்று எடையில் ஐயம் உண்டு.’ மூன்றல்ல, நான்கு. இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு எடை பார்த்துவந்தேன். காசிமேட்டிலிருந்து வரும் ஓட்டுநர் ஒருவரை எல்லோரும் அண்ணாத்தே என்றே அழைப்பார்கள். வரிசையில் மணிக்கணக்காக நிற்கையில், முன்வண்டியின் புகை முழுவதையும் அவர் நெஞ்சு வாங்கிக்கொள்ளும். இருமி முடித்த பிறகே கதவைத் திறப்பார். லாரி உரிமையாளர் தம் முதல் மின் லாரியை அவரிடம் ஒப்படைத்த அன்று, “இதுல பொகயே கெடையாது சார். இனிமேட்டு நம்ம நெஞ்சு தப்பிச்சுது” என்றார்.

அந்த மகிழ்ச்சி மேடையில் ஏறும்வரைதான் நீடித்தது. அவ்வுரிமையாளரின் வண்டிகளுடைய வெற்று எடை எனக்கு மனப்பாடம். சரக்கில்லாமல் வந்த இந்த வண்டியோ பல டன் கூடுதலாகக் காட்டியது. வண்டியின் பதிவு ஆவணத்தைப் பார்க்காமலே, எதையோ ஒளித்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

“உள்ளே என்ன இருக்கு?”

“பேட்டரி சார் அது! அத்த கயட்டி வூட்ல வச்சிட்டு வரச் சொல்றியா?”

பின்வண்டியிலிருந்து ஒருவர் கத்தினார்: “இன்னா அண்ணாத்தே, கடத்தலா? நமக்கும் பங்கு குடு நைனா!” வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

சீட்டில் நான் எழுதிய அந்த நான்கு சொற்களால் வண்டி அரைநாள் நின்றது. அது ஏற்றவேண்டிய பெட்டி கப்பலைத் தவறவிட்டது. மாலையில் ஆவணத்தை வாங்கிப் படித்தபோது, அதிலிருந்த எடையும் என் கருவி காட்டிய எடையும் ஒன்றாகவே இருந்தன. திருத்தம் எழுதிக் கொடுத்தேன். அதற்குள் உரிமையாளர் மின் லாரியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த முறை அண்ணாத்தே பழைய டீசல் வண்டியில் வந்தார்.

“வுடு சார். மிஷினு பொய் சொல்லல. நீதான் படிக்காம எழுதிட்ட.”

ஒரு மழைக்காலத்துக்குப் பின் அவர் வரவில்லை.

இன்று மின் லாரிகள் அன்றாடம் வருகின்றன. டீசலைவிடச் செலவு குறைவு என்கிறார் உரிமையாளர். மின்கலத்தின் பாரத்தால் சரக்கு குறைகிறதே என்றும் வருந்துகிறார். வரிசையில் புகை குறைந்திருக்கிறது. மின்சாரம் தரும் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அப்படியே நிற்கிறது. மேடை முன்னால் சாலை பள்ளமாகியிருக்கிறது. அது புதிய பாரத்தாலா, மழையாலா, நான் அறியேன்.

சீட்டிலுள்ள எடை சரியானது. என் சொற்கள் தவறானவை. அந்த வண்டியையே ஓட்டியிருந்தால் அவர் இருமல் தணிந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது.